நீ யாரு பக்கம் தம்பி?

2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் அந்தப் பன்னிரண்டு நாள் யுத்தம் நடந்தபோதே எழுத நினைத்தது இது. உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது, கோபத்தில் தொடங்குகிற எழுத்து எனக்குப் பாதியில் நின்றுவிடும், அதனால் விட்டுவிட்டேன். இப்போது இலங்கை மலையகத்தில் எங்கள் டவுனில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. சம்பளம் எப்போது கூட்டுவார்கள், கடைசி பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று எல்லோரும் பழைய பேச்சுக்கே வந்துவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை விடிய முன்பே இஸ்ரேல் ஈரானை அடித்தது. மறுநாள் நான் முடி வெட்டப் போனேன். சனிக்கிழமை சலூனில் முடி வெட்ட நாலு பேர் இருந்தால் பேச வந்தவர்கள் எட்டுப் பேர் இருப்பார்கள். டிவியில் தெஹ்ரானில் புகை எழும்புகிறது, கொஞ்ச நேரத்தில் டெல் அவிவில் இடிந்த கட்டடம் காட்டுகிறார்கள், பெஞ்சில் இருந்தவர்கள் அதற்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஒருவருக்கு மதம் காரணம். ஒருவருக்கு அமெரிக்கா மீது எப்போதும் இருக்கிற கோபம். இன்னொரு தம்பிக்கு இஸ்ரேலில் பண்ணை வேலைக்குப் போன மச்சான் அனுப்புகிற காசில்தான் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள், அவன் எப்படி இஸ்ரேலை விட்டுக்கொடுப்பான்? மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நாலு நாள் அடித்துக்கொண்டபோதும் இதே பெஞ்ச் இப்படித்தான் பிரிந்தது. யாரிடம் எத்தனை ரொக்கட் இருக்கிறது, எந்த விமானம் எதைச் சுட்டு விழுத்தியது என்று ஸ்கோர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூலையில் சேர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓ.எல். பரீட்சை வரைக்கும் வரலாறு படிப்பித்தவர், பென்சன் எடுத்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீ யாரு பக்கம் தம்பி?"

"யாரு பக்கமும் இல்ல சேர்."

"அப்படி ஒரு பக்கம் உலகத்துலயே கெடையாது. பக்கம் எடுக்காதவன் தலையிலதான் ரெண்டு பக்கத்துக்காரனும் மிதிப்பான்."

அவருடைய வாதத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது, அதில் விஷயம் இருந்தது. பெரிய நாடுகள் முறைத்துக்கொள்கிற காலம் இது, அமெரிக்கா ஒரு பக்கம், சீனா ஒரு பக்கம், நமக்குப் பக்கத்தில் இந்தியா, இதற்குள் இரண்டு கோடிச் சனம் இருக்கிற ஒரு தீவு எல்லாரோடும் சிரித்துப் பேசிக்கொண்டே காலம் தள்ள முடியாது என்கிறார் அவர். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனிக்குக் கொடுத்தோம், 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 ஆய்வுக் கப்பல் அங்கே வந்து நின்றபோது டெல்லிக்கும் பீஜிங்குக்கும் நடுவில் கொழும்பு எவ்வளவு முழித்தது என்பதை மறந்துவிட்டாயா என்று கேட்டார். பெற்றோலும் மருந்தும் இல்லாமல் நாடு படுத்த அதே 2022 இல் ஏறத்தாழ நானூறு கோடி டொலர் அளவுக்கு உதவியும் கடனும் தந்தது இந்தியா. வீட்டில் நெருப்புப் பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரன்தான் வாளியோடு ஓடி வருவான், ஆகவே பக்கத்து வீட்டுக்காரனோடு நில், அவ்வளவுதான் அவர் கணக்கு. 2017 மே மாதம் மோடி நோர்வூட் மைதானத்துக்கு வந்தபோது சேரும் அந்தக் கூட்டத்தில் நின்றவர். ஏற்கனவே சொன்ன நாலாயிரம் வீட்டோடு இன்னும் பத்தாயிரம் வீடு கட்டித் தருவதாக அன்று மேடையில் சொன்னதைக் காதால் கேட்டவர்.

நான் அன்று பெரிதாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. முடியை வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்ல வைத்தது ஜூன் 23 ராத்திரி.

அதற்கு முதல் நாள் அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்கள் இருக்கிற ஃபோர்டோ, நதன்ஸ், இஸ்ஃபஹான் மூன்று இடத்திலும் குண்டு போட்டிருந்தது. ஈரான் எங்கேயாவது திருப்பி அடிக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை, விடாத மழை, அம்மா அடுத்த நாள் காலை ரொட்டிக்கு மா பிசைந்து வைத்துவிட்டு அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டாரில் வீட்டு வேலையில் இருக்கிறாள், போய் ஐந்து வருடம். இரவு பத்து மணி தாண்டி வட்சப்பில் ஒரு வொய்ஸ் வந்தது.

"தம்பி, வானத்துல வெடிக்குது. ஜன்னல் எல்லாம் ஆடுது. மேடம் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு உள்ளுக்குப் போயிட்டாங்க, நான் குசினியில நிக்கிறேன். அம்மாகிட்ட சொல்லாத."

பின்னால் குக்கர் விசில் அடிக்கிற சத்தம் கேட்டது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை. வானத்தில் ஏவுகணை வெடிக்கிறது, இவள் குக்கரை அணைத்துவிட்டுப் போகலாமா கூடாதா என்று தெரியாமல் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

தோஹாவுக்கு வெளியே அல் உதெய்த் என்ற இடத்தில் அமெரிக்காவுக்கு ஒரு விமானத்தளம் இருக்கிறது, மத்திய கிழக்கில் அவர்களுக்கு இருப்பதிலேயே பெரியது. ஈரான் அதைக் குறிவைத்து ஏவுகணை ஏவியிருந்தது. கட்டார் தன் வான்பரப்பை மூடிவிட்டது. இதெல்லாம் போனில் தேடித் தேடி நான் வாசித்துத் தெரிந்துகொண்டது. அக்காவுக்கு அனுப்பின மெசேஜில் ஒற்றை டிக்தான் விழுந்தது. உதவி கேட்கக் கையில் இருந்த இரண்டு மூன்று இலக்கங்களுக்கு எடுத்துப் பார்த்தேன், ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது, மற்றவை வேலை செய்யவே இல்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று பிறகுதான் யோசித்தேன். அக்கா போனது முறைப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துதான், ஆனால் முதல் வீட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வேறு வீட்டுக்கு மாறிவிட்டாள். பைலில் இருப்பது பழைய முகவரி. புது வீட்டின் முகவரி எனக்குத் தெரியாது, அவளுக்கே சரியாகத் தெரியாது, வாசலில் ஒரு பேரீச்ச மரம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, அவ்வளவுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. "ஒண்ணும் இல்ல. வேல கெடக்கு. படு."

அந்தத் தாக்குதலில் யாரும் சாகவில்லை, பெரும்பாலான ஏவுகணைகளை வழியிலேயே தடுத்துவிட்டார்கள், மறுநாள் விடிந்தபோது போர் நிறுத்தம் என்று ட்ரம்ப் அறிவித்திருந்தார். சலூனில் இருந்தவர்களுக்கு அது மேட்ச் முடிந்த மாதிரி. யார் ஜெயித்தது என்று அடுத்த வாதம் தொடங்கியிருந்தது. நான் போனதும் சேர் எழுந்து வெளியே வந்தார், விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. "அக்கா எப்படி?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்கப்புறம் அவரோடு நான் போட்ட சண்டை மூன்று நாள் நடந்தது, கடைப் பெஞ்சிலும் அவர் வீட்டு வாசலிலும் ஒருநாள் பஸ்ஸிலுமாக. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்னது இது. சேர், நாம் ஒரு பக்கம் நிற்பதற்கு நம்மிடம் ஒரு பக்கம் இருக்க வேண்டுமே. 2024 ஏப்ரல் மாதத்தை எடுத்துப் பாருங்கள். ஏப்ரல் 13 ராத்திரி ஈரான் முன்னூறுக்கு மேற்பட்ட ட்ரோனையும் ஏவுகணையையும் இஸ்ரேல் மீது ஏவியது. அது நடந்து பதினொரு நாளில், ஏப்ரல் 24 ஆம் திகதி, ஈரான் ஜனாதிபதி ரைசி நம் மலைக்கு வந்து உமா ஓயா திட்டத்தைத் திறந்து வைத்தார். 120 மெகாவொட் மின்சாரம், கட்டியது ஈரான் கம்பனி. (அதற்குச் சுரங்கம் தோண்டிய காலத்தில் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் ஊருக்கே தெரியும், அந்தச் சனங்கள் ரோட்டில் இறங்கியதும் தெரியும்.) ஈரானுக்கு நாம் எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டோம், மாதம் 50 லட்சம் டொலருக்குத் தேயிலை என்று கணக்கு. அமெரிக்கத் தடையால் வங்கி வழியாகக் காசு அனுப்ப முடியாது, அதனால் கொழுந்து. ஒரு கை இப்படி. மற்றக் கை? அதே காலத்தில்தான் இஸ்ரேல் பண்ணைகளுக்கு நம் பிள்ளைகளை விமானம் விமானமாக அனுப்பினோம், அங்கே வேலை செய்துகொண்டிருந்த பாலஸ்தீனத் தொழிலாளர்களை நிறுத்திவிட்ட பிறகு விழுந்த வெற்றிடத்துக்கு. இது போதாதென்று 2024 ஜனவரியில் அமெரிக்கா தலைமையிலான காவலுக்காகச் செங்கடலுக்கு நம் கடற்படைக் கப்பல் ஒன்றை அனுப்பப்போவதாக அறிவித்தார் அன்றைய ஜனாதிபதி ரணில். இரண்டு கிழமைக்கு 25 கோடி ரூபாய் செலவாகும் என்று அவரே சொன்னார். அன்று தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒருநாள் கூலிக்கு, ஆயிரம் ரூபாய். இரண்டரை லட்சம் பேருடைய ஒருநாள் சம்பளம் அது.

கொழுந்து ஈரானுக்கு, ஆள் இஸ்ரேலுக்கு, கப்பல் அமெரிக்காவுக்கு, அக்கா கட்டாருக்கு. இதில் எந்தப் பக்கத்தில் போய் நிற்பது?

சேர் இதற்குச் சளைக்கவில்லை. முதலில் என் தேயிலைக் கணக்கைத் திருத்தினார். ஈரான், ஈராக் ஆட்கள் வாங்குவது பெரும்பாலும் கீழ்நாட்டுத் தேயிலை, ரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துக் கறுப்புத் தூள், நம் டிம்புள்ள, நுவரெலியாத் தூளுக்கு வேறு சந்தை, அதனால் ஈரான் அடிபட்டால் நம் ஸ்டோர், தேயிலைத் தூள் அரைக்கிற ஆலை, மூடும் என்று நீ பயப்படுவது பாதிதான் சரி என்றார். உண்மைதான், ஏற்றுக்கொண்டேன். ஆனால் எண்ணெய்க்கு மேல்நாடு கீழ்நாடு கிடையாதே. உலகத்து எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகிறது, அதை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த அன்றைக்கே எங்கள் டவுன் பெற்றோல் செட்டில் கியூ நின்றது. 2022 ஐப் பார்த்த சனம், கேனைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் என்ன செய்யும்? அந்த வருடம் ரஷ்யாவும் உக்ரேனும் சண்டை போட்டன, நம் டொலரும் தீர்ந்திருந்தது, கோதுமை மா கிலோ நானூறு ரூபாய்ப் பக்கம் போனது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், காலைக்கும் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. உக்ரேன் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆயாக்கள் எல்லாம் அந்த மாதங்களில் ரொட்டியை நாலாக வெட்டினார்கள், பிறகு ஆறாக வெட்டினார்கள். நான் பார்த்தது.

இதையே சேரும் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார். "அதனாலதான் சொல்றேன், ஒருத்தன் கையப் புடிச்சுக்க."

அப்போதுதான் நான் உரக் கப்பலை எடுத்தேன். இது நம் மலையில் நடந்த விஷயம், இதைத் தேயிலைக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அடுத்து சேதன (இயற்கை) உரம் கொண்டுவருகிறோம் என்று சீனாவிலிருந்து இருபதாயிரம் தொன்னோடு ஹிப்போ ஸ்பிரிட் என்று ஒரு கப்பல். மாதிரியைச் சோதித்துப் பார்த்தால் அதில் கெட்ட பக்டீரியா இருக்கிறது என்று நம் ஆட்கள் இறக்க விடவில்லை. சீனா விடுமா? காசு கட்டவில்லை என்று ஒக்டோபர் கடைசியில் மக்கள் வங்கியையே கறுப்புப் பட்டியலில் போட்டது சீனத் தூதரகம். ஒரு கிழமைக்குள், நவம்பர் 4 ஆம் திகதி, இந்திய விமானப்படை இரண்டு விமானத்தில் நூறு தொன் நனோ உரத்தைக் கட்டுநாயக்கவில் கொண்டுவந்து இறக்கியது. இறக்காத கப்பலுக்குக் கடைசியில் 67 லட்சம் டொலர் கட்டினோம். 2021 இல் முப்பது கோடி கிலோ பக்கம் இருந்த நாட்டின் தேயிலை 2022 இல் இருபத்தைந்து கோடிக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய எடை நிறைவு வராது, நிறைவு வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் அரைப்பேர் விழாத வீடே அந்த வருடம் கிடையாது.

சேர், அங்கே பாருங்கள், இரண்டு பெரிய நாடுகள் உர மூட்டையை வைத்துத் தங்கள் பலத்தைக் காட்டிக்கொண்டன. உதவி செய்தவனும் நமக்காகச் செய்யவில்லை, மற்றவனுக்குக் காட்டச் செய்தான். நான் இப்படிச் சொன்னதும் அவர் கொஞ்சம் கோபப்பட்டார். வந்த உதவி உதவிதான், அதற்கு உள்நோக்கம் தேடுவது நன்றி கெட்ட பேச்சு என்றார். அந்த இடத்தில் நான் அதிகமாகப் பேசிவிட்டேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். 2022 இல் இந்திய உதவியில் டீசல் வராவிட்டால் எங்கள் ஸ்டோரில் மெசின் ஓடியிருக்காது.

மூன்றாம் நாள் சாயந்தரம் அவர் வீட்டு வாசல். சேர் உள்ளே போய், தேயிலைச் செடியை வெட்டி விடுகிற கவ்வாத்துக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தார். பிடி கறுத்து மழுங்கிப்போயிருந்தது, அலகு மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தது போல இருந்தது.

"இது எங்க அண்ணனோடது. நடுநிலை நடுநிலைங்கிறியே, அது என்ன செஞ்சிச்சுன்னு தெரியுமா?" என்று தொடங்கினார்.

1962 ஒக்டோபரில் இந்தியாவும் சீனாவும் இமயமலையில் சண்டை போட்டன, ஒரு மாதம். இந்தியா தோற்றது. அதே வருடம் டிசம்பரில் நம் அன்றைய பிரதமர் சிறிமாவோ அம்மையார் கொழும்பில் ஆறு நாடுகளின் மாநாட்டைக் கூட்டினார், இலங்கை, பர்மா, கம்போடியா, எகிப்து, கானா, இந்தோனேசியா. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசினார், டெல்லிக்கும் பீஜிங்குக்கும் போனார். உலகமே பாராட்டிய நடுநிலை அது. சீனாவிடம் அடி வாங்கிய இந்தியாவுக்கு அயல்நாடு எதையும் பகைத்துக்கொள்ள முடியாத நேரம். நேரு 1964 மேயில் இறந்தார். ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 30 ஆம் திகதி, நேருவுக்குப் பிறகு பிரதமரான சாஸ்திரியும் சிறிமாவோவும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். குடியுரிமை இல்லாமல் இங்கே இருந்த நம் இந்திய வம்சாவளிச் சனம் ஒன்பதே முக்கால் லட்சம் பேர். அதில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவைத்தார்கள். அந்த ஒன்றரை லட்சத்தை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போது நம் ஆட்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் இதைச் சேர் படிப்பித்திருக்கிறார், அன்று வருடமும் எண்ணிக்கையுமாக எழுதிக்கொண்டோம். கத்தியைப் பற்றி அன்று சொல்லவில்லை. அவருடைய அண்ணன் கவ்வாத்து ஆள். குடும்பத்தில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, அப்பாவும் சேரும் இங்கே. எழுபத்திரண்டிலோ எழுபத்துமூன்றிலோ ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் போகிற கோச்சியில் ஏற்றிவிடப் போனபோது அண்ணன் இந்தக் கத்தியைத் தம்பி கையில் கொடுத்தார். அங்கே போய் இதற்கு என்ன வேலை, ஊரில் காணி இருக்கும், மாடு இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் அனுப்பினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம். முதல் கடிதத்திலேயே அண்ணன் எழுதியிருந்தாராம்: இங்கேயும் மலைதான், இங்கேயும் கவ்வாத்துதான், கத்தியைக் கொண்டுவந்திருக்கலாம்.

"நடுநிலை வகிச்ச அம்மாதான் நம்மளப் பிரிச்சு எழுதிக் குடுத்தாங்க. இப்ப சொல்லு" என்றார் சேர்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நான் மூன்று நாளாகத் தூக்கிப் பிடித்த நடுநிலையை ஒரு கவ்வாத்துக் கத்தியால் வெட்டிப் போட்டுவிட்டார். கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தோன்றியது, சொன்னேன்.

"சேர், அந்தக் கடதாசியில ரெண்டு கையெழுத்து இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு நடுநிலை நின்ன அம்மாவோடது. மத்தது, கையப் புடிச்சுக்கன்னு நீங்க சொல்ற பக்கத்து வீட்டுக்காரரோடது."

சேர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பார்த்து இரண்டு பிளேன்டீ ஊற்றச் சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. இலங்கை யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. எந்தப் பெரிய நாட்டின் படைக்கும் இந்தத் தீவு தளம் ஆகக் கூடாது என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன், அதில் மாற்றம் இல்லை, தளம் இருக்கிற ஊர் என்ன ஆகும் என்பதை அக்காவின் குசினியிலிருந்து கேட்டுவிட்டேன். 2025 ஏப்ரலில் இந்தியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது, அதை முழுதாகச் சனத்துக்குக் காட்டுங்கள் என்று கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது. சேர் அதற்கு இன்னும் தலையாட்டவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்றாக நின்றோம்: பக்கம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பெரிய ஆட்கள் கணக்கு முடிக்கிறபோது எண்ணிக்கையில் மட்டும் நாம் இருக்கிறோம், 1964 இலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். இப்போது அந்த எண்ணிக்கையாவது சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். 1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக்கின் சதாம் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே வேலை செய்துகொண்டிருந்த நம் பெண்கள் பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானுக்கு நடந்தும் லொறியிலுமாக வந்தார்கள், முகாம்களில் கிடந்துதான் வீடு வந்து சேர்ந்தார்கள். 2006 இல் லெபனானில் இஸ்ரேலும் ஹிஸ்புல்லாவும் முப்பத்துநாலு நாள் சண்டை போட்டபோது வீட்டுக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட, பூட்டிய வீட்டுக்குள் விடப்பட்ட வேலைக்காரப் பெண்களும் இருந்தார்கள். முப்பத்தைந்து வருடமாகத் திரும்பத் திரும்ப இதே பாடம். ஏஜென்சி பதிந்ததோடு சரி, விசிட் விசாவில் போனவர்களுக்கு அந்தப் பதிவும் இல்லை. வீடு மாறினால் யாருக்கும் தெரியாது. வருடா வருடம் வெளிநாட்டிலிருந்து வருகிற டொலரை மட்டும் மாதக் கணக்கில் எண்ணிச் சொல்ல முடிகிறது, அதை அனுப்புகிற ஆள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று சொல்ல முடியவில்லை. இது எனக்குத் தாங்கவில்லை. ஏவுகணைக்கு இத்தனை கிலோமீட்டர் தூரம் என்று சலூனில் எல்லாருக்கும் மனப்பாடம், தன் சொந்த மாமி தோஹாவில் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டால் முழிக்கிறார்கள், நானும் அன்று ராத்திரி அப்படித்தான் முழித்தேன்.

அக்காவிடம் போன கிழமை லொக்கேஷன் அனுப்பச் சொன்னேன். என்னத்துக்கு என்று கேட்டாள். சும்மா அனுப்பு என்றேன். மேடம் தூங்கின நேரம் பார்த்து அனுப்பினாள். வரைபடத்தில் அந்தச் சிவப்புப் புள்ளியை அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன், பேரீச்ச மரம் தெரிகிறதா என்று கேட்டார். மேலிருந்து எடுத்த படத்தில் மரம் ஒரு பச்சைப் பொட்டு மாதிரித் தெரிந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார்.

இந்தப் பொட்டை வைத்துத்தான் சேர் ஒரு யோசனை சொன்னார். எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினோம். பெயர், பாஸ்போர்ட் இலக்கம், எந்த நாடு, எந்த ஊர், எந்த வீடு, லொக்கேஷன், அங்கே பக்கத்தில் தெரிந்த ஆள் யாராவது உண்டா, வீட்டில் யாருடைய போன். கோடு போட்டது சேர், இப்போதும் கரும்பலகையில் போடுவது போல ஸ்கேல் வைத்துத்தான் போடுகிறார். பிரதி ஒன்றை கிராம சேவகரிடம் கொடுப்பது, ஒன்றைக் கொழும்புக்கு அனுப்புவது, ஒன்று எங்களிடம். எல்லாரும் உடனே சொல்லிவிடவில்லை. சில வீட்டில் பாஸ்போர்ட் கொப்பி கேட்டால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், முன்பு பெயர் எழுதிக்கொண்டு போனவர்களை இந்த மலை நிறையப் பார்த்திருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் மகள் குவைத்தில் என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், போன் போட்டுக் கேட்டால் அவள் ஈராக்கில் குர்திஸ்தான் பக்கம் இருக்கிறாள். தாய்க்கு அது புதுச் செய்தி. நாங்கள் இருக்கும்போதே அழுதார்.

நேற்றுவரை எங்கள் டிவிஷனில் மட்டும் முப்பத்தொரு பெயர். இருபத்தாறு பெண்கள், ஐந்து ஆண்கள். அக்காவின் பெயர் முதல் வரியில் இருக்கிறது, எழுதியது சேர். மேல் டிவிஷன் இன்னும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் போகிறோம், விடாவிட்டாலும் குடை இருக்கிறது என்கிறார் அவர்.